சாப்பிடாதவர் வைத்த மொய்

கீரமங்கலம்,
28.4.2024

மகள் அன்புமொழிக்கு,

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். சாகவில்லை. அந்தக் குளிரில் நீயும் சளி காய்ச்சல் இல்லாமல் இருப்பாய் என்று நினைத்து எழுதுகிறேன்.

போன கையோடு இரண்டு கடிதம் போட்டுவிட்டாய். போன் அடித்தால் எடுக்க மாட்டேன் என்று தெரிந்து தபாலில் வருகிறாய், கெட்டிக்காரிதான். நீ அந்தப் பையனைக் கட்டிக்கொண்ட மறுநாள் குளமங்கலம் அய்யனார் குதிரைக்குக் கீழே உங்கள் பெரியப்பா என்னை நிறுத்தினார். இனி அவகூட ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று சத்தியம் வாங்கினார். பண்ணினது பண்ணினதுதான், பேச மாட்டேன். ஆனால் எழுத மாட்டேன் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

போன வாரம் தோட்டத்து மோட்டார் எரிந்துபோனது. நான் யாரையும் கூப்பிடவில்லை. உன் புருசன் அருள்தாஸ், எவன் சொல்லித் தெரிந்ததோ, பட்டறையைப் பூட்டிவிட்டு வந்து புதுக் கம்பி சுற்றிக் காயில் கட்டிக் கொடுத்தான். கூலி வேண்டாம் என்றான். வாங்காமல் போனால் மோட்டாரைக் கிணற்றிலேயே போட்டுவிடுவேன் என்றேன். வாங்கிக்கொண்டான். மோர் குடித்தான், வெளியில் நின்றபடி. உள்ளே வா என்று நான் கூப்பிடவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன்.

எப்போது பிளேன் ஏறப் போகிறாய் என்று அவனைக் கேட்டேன். உன் சம்பளம் பத்தாதாம், அதனால் அவனுக்கு விசா இல்லையாம். பொண்டாட்டி சம்பளம் குறைச்சல் என்று புருசனை வாசலில் நிறுத்துகிற நாட்டில் நீ ஏழு வருசமாக என்ன செய்கிறாய்? அவன் சொன்னது பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. விவரமாக எழுது.

மல்லிகை இந்த வருசம் நன்றாகப் பூக்கிறது. தலைக்கு எண்ணெய் வை.

அம்மா,
வெ. பொற்கொடி


ஹல், இங்கிலாந்து,
14.5.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் எழுத்தைக் கண்டதும் வாசலிலேயே உட்கார்ந்து படித்தேன். நான் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

நீ கேட்டதைச் சொல்கிறேன். எனக்கு இங்கேயே தங்க அனுமதி இருக்கிறது. கணவரைக் கூப்பிட வேண்டும் என்றால் நான் வருடத்துக்கு இவ்வளவு சம்பாதிக்க வேண்டும் என்று அரசாங்கம் ஒரு அளவு வைத்திருக்கிறது. பழைய அளவுக்கு என் சம்பளம் தாராளமாகப் போதும். இந்த ஏப்ரலில் அதை ஒரேயடியாக உயர்த்திவிட்டார்கள். நாங்கள் பிப்ரவரியில் ரிஜிஸ்டர் ஆபீசில் நோட்டீஸ் கொடுத்தோம். பெரியப்பா போய் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தார். அதை விசாரித்துத் தள்ளிவிட்டுச் சான்றிதழ் கையில் வரும்போது ஏப்ரல் பாதி ஆகிவிட்டது. சில நாள் வித்தியாசம்தான் அம்மா.

சம்பளம் குறைந்தால் சேமிப்பைக் காட்டலாம். என் கணக்குக்கு ஏறக்குறைய முப்பது லட்சம். அருள் பெயரில் ஆறு மாதம் வங்கியில் அசையாமல் இருக்க வேண்டும். யாராவது அன்பளிப்பாகத் தரலாம். கடன் வாங்கியதாக மட்டும் இருக்கக் கூடாது. நாங்கள் இருவரும் பட்டினி கிடந்தாலும் அவ்வளவு சேர நாலு வருடமாகும்.

உன்னிடம் கேட்பதற்காக இதை எழுதவில்லை. தோட்டத்தை விற்கிறேன் என்று கிளம்பிவிடாதே. இங்கே முதியோர் இல்லத்தில் வேலை வழக்கம்போலப் போகிறது. சம்பளம் உயர இப்போதைக்கு வழி இல்லை.

மோர் கொடுத்ததற்கு நன்றி. அருள் அதை மூன்று தடவை சொன்னார்.

உன் மகள்,
அன்புமொழி


கீரமங்கலம்,
2.6.2024

மகள் அன்புமொழிக்கு,

முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, அதை விடு. நீ சுகமா என்பதுதான் எனக்குச் சந்தேகம். உன் கடிதத்தாளுக்குப் பின்பக்கம் அச்சடித்த இருதயப் படம் இருக்கிறது. சுற்றிலும் இங்கிலீஷில் நுணுக்கி நுணுக்கி எழுதியிருக்கிறாய். யாருக்கு நெஞ்சு நோய்? உனக்கா?

தோட்டத்தை விற்க எனக்கு என்ன பைத்தியமா? வேறு வழி வைத்திருக்கிறேன். வருகிற ஆடியில் மொய் விருந்து வைக்கப் போகிறேன். உன் அப்பா போய்ப் பதினோரு வருசமாகிறது. அவர் இருந்தபோதும், போன பிறகும், இந்த வட்டாரத்தில் ஒரு விருந்து விடாமல் மொய் செய்தவள் நான். எழுதியது வெள்ளைச்சாமி என்று. கொடுத்தது நான் பூப்பறித்த காசு. ஒரு தடவைகூட நாம் விருந்து வைத்து அதைத் திருப்பி வாங்கவில்லை. உன் கல்யாணத்துக்கு வாங்கலாம் என்று வைத்திருந்தேன். நீ அந்தச் சிரமத்தை எனக்குக் கொடுக்கவில்லை.

ஊரில் பத்து வீடு சேர்ந்து, செலவைப் பங்கு போட்டு ஒரே பந்தலில் நடத்துவதுதான் வழக்கம். என்னையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டேன். உங்கள் பெரியப்பா பெரியகருப்பன் முந்திக்கொண்டார். தம்பி பெயரில் உள்ள மொய் குடும்பத்து மொய், அதை நான்தான் நடத்துவேன், பொம்பளை தனியாக மேசை போட்டு உட்காருவது அழகா என்று பேசியிருக்கிறார். சரி, அழகில்லாமலே உட்காருகிறேன். பந்தலும் என்னுது, கிடாயும் என்னுது.

பூவை இப்போது புதுக்கோட்டைக்கே கொண்டுபோகிறேன். விடியற்காலை முதல் பஸ். ஜன்னல் ஓரம் காற்று நன்றாக இருக்கிறது.

இருதயப் படத்துக்குப் பதில் எழுது.

அம்மா


ஹல்,
16.6.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

எனக்கு ஒரு நோயும் இல்லை. கிடைத்த காகிதத்தில் எழுதினேன், அவ்வளவுதான். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

உள்ளூரில் பூக்கடை இருக்க, நீ ஏன் புதுக்கோட்டை பஸ்ஸுக்கு ஓடுகிறாய்? கீரமங்கலத்துக் கமிஷன் கடை பெரியப்பா மகனுடையது என்பது எனக்கு மறந்துபோகவில்லை. உன் பூவை எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்களா? காற்று வாங்கப் போகிறேன் என்றால் நம்புவதற்கு நான் சின்னப் பிள்ளையா?

விருந்து வேண்டாம் அம்மா. சொந்தம் வராவிட்டால் ஊர் முன்னால் உனக்குத்தான் அவமானம். கிடாய்ச் செலவு வேறு தலையில் விழும். வைத்தே தீருவாய் என்றால் ஒன்று செய். பத்திரிகையில் அருள் பெயரைப் போடாதே. அவரும் அதையேதான் சொன்னார். விருந்தன்று அரிமளத்தில் அவர் அம்மா வீட்டில் போய் இருந்துகொள்கிறாராம். பெயர் இல்லாவிட்டால் பெரியப்பா வீட்டாரும் வருவார்கள். காரியம் நடக்கட்டும், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இதை எழுதும்போது எனக்கே என்மேல் கோபம் வருகிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

உன் மகள்,
அன்புமொழி


கீரமங்கலம்,
1.7.2024

மகளுக்கு,

சுகம். பதில் சுருக்கமாகத்தான் வரும், பந்தல்காரன் காத்திருக்கிறான்.

அவன் பெயரைப் போடாதே என்று நீயா எழுதினாய்? அரிமளத்துக்குப் போய் ஒளிந்துகொள்வானாமா? உங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பதில்: ரிஜிஸ்டர் ஆபீசில் ஊர் பார்க்க நோட்டீஸ் ஒட்டிக் கல்யாணம் பண்ணினவர்களுக்கு இப்போது என்ன வெட்கம்?

இதே யோசனையைச் சொல்லத்தான் உங்கள் பெரியப்பாவும் வந்தார். "அவன் பேரை எடுத்துரு. நான் முன்னாடி நின்னு நடத்தித் தாரேன். பங்காளி பூராவும் வருவாங்க" என்றார். மறுநாளே கடைத்தெரு முக்கத்தில் பிளெக்ஸ் கட்டியாகிவிட்டது. மேலே என் பெயர். கீழே மகள் அன்புமொழி, மருமகன் அருள்தாஸ். அவன் அம்மாவுக்கு, அடைக்கலமேரி சம்பந்தி என்று ஒரு வரி. போட்டோ போடலாமா என்று கடைக்காரர் கேட்டார். பெரிசாகப் போடு என்றேன்.

விருந்து ஜூலை 28, ஞாயிற்றுக்கிழமை. கமிஷன் கடையைப் பற்றிக் கேட்டாய். ஜன்னல் காற்று நன்றாகத்தான் இருக்கிறது.

அம்மா


ஹல்,
1.8.2024

அன்புள்ள அம்மா,

நீ எப்படி இருக்கிறாய்? என்னதான் நடந்தது?

ஞாயிற்றுக்கிழமை வேலையில் இருந்தேன். அருள் நம்பரில் அழைப்பு வந்தது. பின்னால் ஒரே இரைச்சல். திடீரென்று உன் குரல். "அன்பு, நான்தான். சாப்பிட்டியா?" என்று கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் "சரி, சாப்பிடு. இங்கிட்டு எலை போட்டாச்சு" என்று சொல்லி வைத்துவிட்டாய். துணி அடுக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். என்னோடு வேலை பார்க்கிறவள் வீட்டில் சாவு என்று நினைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். இல்லை, எங்கம்மா சாப்பிட்டியான்னு கேட்டாங்க என்றேன். அவளுக்கு விளங்கவில்லை.

அருளைக் கேட்டால், அத்தை எழுதுவாங்க, நான் சொல்லக் கூடாதாம் என்கிறார். அய்யனார் முன்னால் பண்ணின சத்தியத்தை ஏன் உடைத்தாய்? சீக்கிரம் எழுது.

உன் மகள்,
அன்புமொழி


கீரமங்கலம்,
16.8.2024

அன்பு மகளுக்கு,

நானும் சுகம், நம் வீட்டு மாப்பிள்ளையும் சுகம். நிதானமாக உட்கார்ந்து எழுதுகிறேன், நீயும் நிதானமாகப் படி.

காலையில் பந்தலில் ஈ கூட இல்லை. ஆறு கிடாய் வெந்துகொண்டிருக்கிறது, மேசை போட்டு எழுதுகிறவர்கள் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கொட்டாவி விடுகிறார்கள். யாரும் வராமல் போய்விடுவார்களோ என்று எனக்கே பயம் வந்தது. அதை அன்றைக்கு யாரிடமும் காட்டவில்லை, உன்னிடம் சொல்கிறேன். பத்து மணிக்கு மேல்தான் ஆள் வர ஆரம்பித்தது. வடகாடு, கொத்தமங்கலம், மாங்காடு என்று நான் செய்த ஊரெல்லாம் வந்தது. வாங்கிய மொய்யைத் திருப்பிச் செய்யாமல் இந்த வட்டாரத்தில் எவனும் தலை நிமிர்ந்து நடக்க முடியாது, அது உனக்குத் தெரியும்.

பதினோரு மணிக்கு உங்கள் பெரியப்பா பங்காளி வீட்டாரைக் கூட்டிக்கொண்டு வந்தார். நேரே மேசைக்குப் போனார்கள். வரிசையாக நின்று எழுதினார்கள். அவர் மட்டும் மூன்று லட்சம். எழுதி முடித்ததும் எல்லோரும் வாசல் பக்கம் திரும்பினார்கள். ஒருத்தரும் பந்தியைப் பார்க்கவில்லை. நான் குறுக்கே போய் நின்று சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னேன்.

"மொய் செய்ய வேண்டியது கடமை. செஞ்சாச்சு. அந்தப் பய பரிமாறுற எலையில நாங்க உக்கார மாட்டோம்" என்றார். மாப்பிள்ளை அப்போது குழம்பு வாளியோடு நின்றுகொண்டிருந்தார். அவர் காதில் விழுந்தது.

நான் மேசைக்குப் போனேன். சாப்பிடாமல் கிளம்பியவர்களின் பெயரையெல்லாம் அடிக்கச் சொன்னேன். பணத்தை எண்ணி வாங்கி அவரவர் கையில் வைத்தேன். "விருந்துக்குத்தான் மொய். சாப்பிடாதவங்க காசு எனக்கு வேணாம்" என்றேன்.

"இது எந்தம்பி வெள்ளைச்சாமிக்குச் செய்ய வேண்டியது" என்றார்.

"அவுக இல்ல. நான் இருக்கேன்" என்றேன்.

அவருக்கு முகம் கறுத்துவிட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுத்து அவர் பார்த்ததில்லை. யாருமே பார்த்ததில்லை. மகளோடு பேச மாட்டேன் என்று அய்யனார் முன்னால் சத்தியம் பண்ணினவள்தானே நீ, அந்த வாக்கையாவது காப்பாற்று என்று பந்தல் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். அப்போதுதான் நான் திரும்பி, "மாப்ளே, போனைக் குடுங்க. அன்புக்கு அடிங்க" என்றேன். அதற்கு முன்னால் அவரை நான் அப்படிக் கூப்பிட்டதில்லை. கை குழம்பாக இருந்தது, வேட்டியில் துடைத்துவிட்டு அடித்துக் கொடுத்தார். மீதி உனக்குத் தெரியும்.

போனை வைத்துவிட்டுப் பார்த்தால் பங்காளி வீடுகளில் பாதிப் பேர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். சாப்பிட்டு எழுந்து மறுபடி மொய் எழுதினார்கள். பெரியப்பாவும் மீதிப் பேரும் போய்விட்டார்கள். மாலையில் எண்ணிப் பார்த்தால் முப்பதுக்கு நாலு லட்சம் குறைச்சல். திருப்பிக் கொடுத்ததுதான் அந்த ஓட்டை. எனக்கு அதில் வருத்தம் இல்லை, ஆனால் உன் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. விளக்குப் போடும் நேரத்தில் டிராக்டரிலும் வண்டியிலுமாகக் கொஞ்சம் பேர் வந்தார்கள். ஒருத்தருக்கும் நாம் செய்ததில்லை, யாரென்றே எனக்குத் தெரியவில்லை. மாப்பிள்ளை மோட்டார் கட்டிக் கொடுத்த தோட்டக்காரர்களாம். அருள்தாஸ் பெயரில் புதுசாக எழுதுங்க என்றார்கள். மீந்த சோறு அவர்களுக்குச் சரியாகப் போனது. நாலு லட்சம் சேர்ந்ததோடு மேலும் கொஞ்சம் இருந்தது.

பணம் மாப்பிள்ளை கணக்கில் ஏறிவிட்டது. சத்தியத்தை உடைத்ததற்கு அய்யனார் குதிரைக்குப் பெரிய மாலையாகச் சாத்தினேன். நானும் அய்யனாரும் பேசித் தீர்த்துக்கொண்டோம். இனி போனிலும் பேசலாம். ஆனால் கடிதத்தை நிறுத்தாதே. போனில் நீ அழுகிறாய், கடிதத்தில் சண்டை போடுகிறாய். எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது.

அம்மா


ஹல்,
12.1.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

பொங்கல் வாழ்த்துகள். இங்கே பனி. நான் சுகம். உன் இரண்டு கடிதத்துக்கும் பதில் போடவில்லை, திட்டாதே. போனிலும் அவசரமாகப் பேசி வைத்துவிடுகிறேன் என்று அருளும் கோபித்துக்கொண்டார். வேலை அதிகம், வேறொன்றும் இல்லை.

பிப்ரவரியில் ஆறு மாதம் முடிகிறது. விண்ணப்பத்தைப் போட்டுவிடலாம் என்று வக்கீல் அம்மா சொல்கிறார். பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்களாம். மொய் விருந்து என்றால் என்ன என்று அவருக்கு விளக்குவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. கடைசியில் ஒரு உறுதிமொழி எழுதிக் கொடுத்திருக்கிறார். தமிழில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டு அருளிடம் கொடு.

"இந்தப் பணம் முழுவதும் அன்பளிப்பு. இதை யாருக்கும் எப்போதும் திருப்பித் தர வேண்டியதில்லை." அவ்வளவுதான். ஒன்றும் யோசிக்காதே, போட்டுவிடு.

உன் மகள்,
அன்புமொழி


ஹல்,
18.5.2025

அம்மா,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. விசாவை மறுத்துவிட்டார்கள்.

காரணத்தையும் எழுதியிருக்கிறார்கள். மொய் செய்தவர்களுக்குத் திருப்பித் தர வேண்டிய கடமை இருப்பதாக அன்பளிப்புக் கொடுத்தவரே எழுதியிருக்கிறாராம். அதனால் இது கடன்போலத்தானாம். நான் அனுப்பிய தாளில் அப்படி ஒரு வரி இல்லை. நீ எழுதியிருக்கிறாய். உன் கையால், கையெழுத்துக்கு மேலே: "என் மருமகன் எனக்கு ஒரு பைசா திருப்பித் தர வேண்டாம். ஆனால் மொய் செய்த ஒவ்வொரு வீட்டுக்கும் நாங்கள் வாங்கியதைவிடக் கூடவே வைத்துத் திருப்பிச் செய்வோம்." அருள் அதை ஒரு எழுத்து விடாமல் மொழிபெயர்த்துச் சேர்த்திருக்கிறார். ஏன் என்று கேட்டால், அத்தை சொன்னது சரிதானே என்கிறார். மாமியாரும் மருமகனும் நன்றாகச் சேர்ந்தீர்கள்.

ஒரு வரி அம்மா. வெள்ளைக்காரன் உன் ஊருக்கு வந்து பார்க்கப் போகிறானா? அந்த ஒரு வரியை விழுங்கியிருந்தால் அவர் இந்நேரம் இங்கே இருந்திருப்பார். ஒரு வருடத்துக்கு மேலாக நான் காலி வீட்டுக்குள் சாவி போட்டுத் திறக்கிறேன். அது உனக்குத் தெரியுமா?

அன்புமொழி


கீரமங்கலம்,
6.6.2025

அன்பு மகளுக்கு,

நீ விசாரிக்காவிட்டாலும் நான் விசாரிப்பேன். வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

காலி வீடு எனக்குத் தெரியும். பன்னிரண்டு வருசமாகத் திறக்கிறேன்.

நீ எழுதி அனுப்பியதை நோட்டரி படித்துக் காட்டினார். யாருக்கும் திருப்பித் தர வேண்டியதில்லை என்ற இடத்தில் என் கை நின்றுவிட்டது. அந்த டிராக்டர்காரர்கள் முகம் தெரியாத எனக்குச் செய்தார்கள். அவர்கள் வீட்டுக் காதுகுத்துக்கு நான் போக மாட்டேன் என்று முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவதா? மொய்யைத் தின்றவள் என்று பெயர் எடுக்கவா உங்கள் பெரியப்பா பணத்தைத் திருப்பி அடித்தேன்? எவன் படிக்கிறான் என்பது பேச்சில்லை. எழுதுவது நான்.

உனக்கு இதனால் எவ்வளவு நஷ்டம் என்று எனக்குப் புரிகிறது. நீ என்னைத் திட்டு. மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் மறுபடி அந்தத் தாளை நீட்டினாலும் மறுபடி அந்த வரியைத்தான் எழுதுவேன். நான் இப்படித்தான் என்று உனக்குத் தெரியும். நீயும் இப்படித்தான், இல்லாவிட்டால் ரிஜிஸ்டர் ஆபீஸ் படி ஏறியிருக்க மாட்டாய்.

வேறு வழி என்ன என்று மட்டும் எழுது. அழாமல் எழுது.

அம்மா


ஹல்,
20.7.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

சுகம். சாப்பிடுகிறேன். உன் கடிதத்தை ஒரு மாதம் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். கோபம் போக அவ்வளவு நாள் ஆனது. அதன் பிறகு எனக்கே சிரிப்பு வந்தது. சாப்பிடாதவன் காசையே வாங்காதவள் பொய்க்குக் கையெழுத்துப் போடுவாள் என்று நான் எதிர்பார்த்ததுதான் தப்பு.

இனி வங்கிப் பணத்தைக் காட்டப் போவதில்லை. என் சம்பளத்தையே காட்டப் போகிறேன்.

அந்த இருதயப் படத்தை நீ மறந்திருக்க மாட்டாய். புதுக்கோட்டையில் நான் நர்சிங் படித்தது இங்கே செல்லாது. இந்த ஊர்ப் பரீட்சை எழுதித் தேறினால்தான் ஆஸ்பத்திரியில் நர்சாக விடுவார்கள். முதல் இரண்டு தடவை தோற்றேன். ஒன்று நீ விருந்து வைத்த அதே வாரம். ஊரைக் கூட்டி நீ எனக்காக நிற்கும்போது, நான் தோற்றுவிட்டேன் என்று எப்படி எழுதுவது? அதனால் யாரிடமும் மூச்சுவிடவில்லை, அருளிடமும்தான். வேலை அதிகம் என்று எழுதியதெல்லாம் படிப்புத்தான். ஜனவரியில் மூன்றாவது தடவை தேறினேன். பிப்ரவரிக் கடைசியில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். அப்போதும் சொல்லப் பயம், நிலைக்குமா என்று. நிலைத்துவிட்டது. அவர்கள் கேட்கிற அளவுக்கு மேலேயே சம்பளம். ஆறு மாதச் சம்பளச் சீட்டு வேண்டும், அடுத்த மாதம் அது சேர்ந்துவிடும்.

உன் முப்பது லட்சத்தை எடுத்து ஊருக்குத் திருப்பிச் செய்ய ஆரம்பி. கூடவே வைத்துச் செய், எழுதிக் கொடுத்திருக்கிறாய்.

உன் மகள்,
அன்புமொழி, ஸ்டாஃப் நர்ஸ்


கீரமங்கலம்,
2.11.2025

அன்பு மகள் நர்சம்மாவுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். விசா வந்த அன்றைக்குப் போனில் நீயும் மாப்பிள்ளையும் மாறி மாறி அழுததில் நான் சொல்ல வந்ததைச் சொல்ல முடியவில்லை. இப்போது எழுதுகிறேன், மாப்பிள்ளை கையிலேயே கொடுத்தனுப்புகிறேன்.

முந்தாநாள் உங்கள் பெரியப்பா பேத்தி வைஷ்ணவிக்குக் கல்யாணம். தம்பி பொண்டாட்டியை விட்டுவிட்டால் ஊர் பேசும் என்று எனக்கும் பத்திரிகை வந்திருந்தது. "திருமதி பொற்கொடி" என்று மட்டும். குடும்பத்தார் என்றுகூட இல்லை. நான் மாப்பிள்ளையை அரிமளத்திலிருந்து வரச் சொன்னேன். போக வேண்டாம் அத்தை, ஊருக்குக் கிளம்புகிற நேரத்தில் வம்பு எதற்கு என்றார். கிளம்புகிற நேரம் என்பதால்தான் போகணும் என்றேன். புதுச்சட்டை எடுத்துக் கொடுத்தேன். போனோம்.

முதலில் மேசைக்குப் போகவில்லை. நேரே பந்திக்குப் போனோம். முதல் வரிசையில் மாப்பிள்ளையை உட்கார வைத்து, பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். உங்கள் பெரியப்பா சம்பந்தி வீட்டாரோடு நின்றுகொண்டிருந்தார். எங்களைப் பார்த்தார். அவர்கள் முன்னால் என்ன பேசுவார்? எலை விழுந்தது, சோறு விழுந்தது. மாப்பிள்ளை இரண்டு தடவை ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எலையை மடித்துக் கை கழுவிய பிறகுதான் மொய் மேசைக்குப் போனோம்.

போன வருசம் அவர் பணத்தைத் திருப்பிவிட்டேன் இல்லையா, அதனால் அவருக்கு நான் செய்ய வேண்டிய பாக்கி எதுவும் கிடையாது. இருந்தாலும் ஒரு லட்சம் வைத்தேன். யார் பெயரில் என்று எழுதுகிறவர் கேட்டார். "கீரமங்கலம் வெள்ளைச்சாமி மருமகன் அருள்தாஸ்" என்றேன். அவர் பேனாவை நிறுத்திவிட்டு உங்கள் பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா என்னைப் பார்த்தார்.

"எழுதுங்க. நாங்க சாப்பிட்டாச்சு" என்றேன்.

வேறு வழியில்லை. எழுதினார்கள். சத்தம் போட்டு வாசித்துத்தான் எழுதினார்கள், அதுதானே முறை. கிளம்பும்போது கமிஷன் கடைக்கார மகன், பூவை நாளையிலிருந்து இங்கேயே போடலாமே என்றான். எனக்கு ஜன்னல் காற்று பழகிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மாப்பிள்ளை வெள்ளிக்கிழமை பிளேன் ஏறுகிறார். அவருக்குக் குளிர் பழக்கமில்லை, நல்ல கம்பளி வாங்கி வை. அங்கே உங்களுக்கு ஒரு பிள்ளை பிறந்தால் இங்கேதான் காது குத்தணும், விருந்தும் இங்கேதான். உங்கள் பெரியப்பா ஒரு லட்சத்துக்கு மேல் கூடவே வைத்து, அருள்தாஸ் என்று வாயால் பெயர் சொல்லி, என் மேசையில் வந்து திருப்பிச் செய்தாகணும். வரட்டும். எலை போட்டு வைக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள், இரண்டு பேரும்.

அம்மா,
வெ. பொற்கொடி